முதுகில் இருந்த ஜிப்

கடலிலிருந்து எழுந்து வந்த என் கணவர் மணலில் அப்படியே உட்கார்ந்து, "சாவிய அடுப்பு மேல வச்சுட்டேன்," என்றார்.

நான் சிரித்தேன். கார் சாவி என் கையில் இருந்தது. அடுப்பு மேற்கு அமெரிக்காவில் டப்ளின் என்ற ஊரில், எங்கள் அபார்ட்மென்டில் இருந்தது. நாங்கள் இருந்ததோ அங்கிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, மான்டரே கடற்கரையில்.

"எந்த அடுப்புங்க?"

அவர், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டியிருந்த ஈய பெல்ட்டின் கொக்கியைத் தடவிக்கொண்டே இருந்தார். கழற்றத் தெரியவில்லை. தினமும் கணினியோடு மல்லுக்கட்டுகிற விரல்கள், ஒரு கொக்கியை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் அதன் மேலேயே ஊர்ந்தன. உதடு நாவல்பழம் தின்ற உதடு மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

அவரோடு டைவ் போன அலுவலக நண்பர், ஒரு அமெரிக்கர், தன் துடுப்புச் செருப்புகளை வீசிவிட்டு ஓடி வந்தார். என் கணவரின் உடைக்குள் முதுகுப் பக்கம் கைவிட்டுப் பார்த்தார். முழுக்கை உள்ளே போனது. "இது இவ்வளவு தொளதொளவென்று இருக்கிறதே, யார் கொடுத்தது இதை?" என்று கத்தினார். வாடகைக்கு எடுத்த வெட்சூட், குளிர்நீரில் போடும் ரப்பர் உடை. அரை மணி நேரமாக ஒவ்வொரு அசைவுக்கும் குளிர்ந்த கடல்நீர் அவர் முதுகெலும்பைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. அது தெரியாமலே அவர் மீன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இருவருமாகச் சேர்ந்து அதை உரித்து, துவட்டி, என் ஜாக்கெட்டையும் தொழுகைக்கு வைத்திருந்த சால்வையையும் சுற்றி, காரில் உட்கார வைத்து ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தோம். வெகுநேரம் கழித்து நடுக்கம் வந்தது. நடுக்கம் வந்தால் நல்லது, உடம்பு திரும்பி வருகிறது என்று அந்த நண்பர் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் இருவருக்குமே கடலுக்குள் போகக் கற்றுக்கொடுத்தது ஹவாய். அதற்கு முந்தைய வருடம் விடுமுறைக்குப் போனபோது, ஹோட்டலில் ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. இவர்தான் பெயர் கொடுத்தார். பள்ளப்பட்டிக்காரர், அவர் ஊரில் தண்ணீர் என்றால் கிணறு, அதுவும் பாதி வருஷம் இருக்காது. காலேஜுக்குச் சென்னை வந்தபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததாகச் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு நாற்பதடி நீருக்குக் கீழே தலைக்கு மேல் சூரியன் ஆடுவதைப் பார்த்ததும் பித்துப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அங்கே தண்ணீர் வெதுவெதுப்பு. மேலே ஒரு முழுக்கைச் சட்டை, கீழே ஒரு நீளமான காற்சட்டை, அவ்வளவுதான் நான் போட்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் இவர் மான்டரேக்குப் போக ஆரம்பித்தார். நான் கூடப் போய்க் கரையில் உட்காருவேன். பிளாஸ்கில் டீ, ஒரு மடக்கு நாற்காலி. அவர் மூழ்கிய இடத்தில் குமிழிகள் வந்து உடையும். அது அவர் மூச்சு. அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால், அலை கொஞ்சம் நுரைத்தால், குமிழி எது நுரை எது என்று தெரியாமல் போய்விடும். அப்புறம் அவர் தலை எங்காவது தெரியும்வரை நான் மூச்சுவிட்டேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

அந்தக் கொக்கி நாளுக்குப் பிறகு, வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன்: "இனிமே போறதா இருந்தா நானும் உள்ள வர்றேன். இல்லன்னா நீங்களும் போகக்கூடாது. கரையில உக்கார என்னால முடியாது."

"நீயா? பச்சத்தண்ணியில தொழுகைக்கு ஒளு செய்யவே முனகுவ."

"முனகிக்கிட்டே வர்றேன்."

"உங்க ஊர்லதான முத்துக்குளிச்சாங்க. ரத்தத்துலயே இருக்கும்," என்று சிரித்தார். என் பெற்றோருக்குக் கீழக்கரை பூர்வீகம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை மண்ணடி.

"குளிச்சவங்க வேற, வித்தவங்க வேறங்க. எங்க ஆளுங்க கரையில உக்காந்து வித்தவங்க."

சொல்லிவிட்டேனே தவிர, பயம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து விரிகுடாவின் அந்தக் கரையில், பாலம் தாண்டி ஒரு டைவிங் கடை இருந்தது. நடத்தியவர் அறுபது வயது மதிக்கத்தக்க அமெரிக்க அம்மா. நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார், குரல் கரகரவென்று இருக்கும். அவரே பயிற்சியும் கொடுப்பவர். கடை முழுக்க ரப்பர் வாசனை. சுவர் நெடுக, தலையில்லாத மனிதர்களைத் தொங்கவிட்டது போலக் கறுப்பு உடைகள். அந்த வரிசையைப் பார்த்ததுமே எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

வெட்சூட் உள்ளே தண்ணீரை விடும் என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. அந்த மெல்லிய நீர்ப்படலத்தை உடம்பே சூடாக்கிக்கொள்ளும். அதனால் அது தோலோடு ஒட்ட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உங்கள் கணவருக்கு நடந்ததுதான் நடக்கும். ட்ரைசூட் அப்படியில்லை. உள்ளே தண்ணீரே வராது. கம்பளி போல் ஒரு உள்ளுடை போட்டு, அதற்கு மேல் இதைப் போட்டுக்கொள்ளலாம். இப்படி விளக்கிவிட்டு என் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து ஒரு வெட்சூட்டை எடுத்துக் கொடுத்தார். விரல் தடிமன் ரப்பர். கனம் ஒரு ஈர ஜமுக்காளம் அளவு இருக்கும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கழுத்தை எதுவும் இறுக்கக்கூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மண்ணடியில் எங்கள் தையல்காரர் என் சுடிதாருக்கு மட்டும் கழுத்தை ஒரு விரல் அகலம் கூட்டியே வெட்டுவார். கல்யாணத்தன்று, எங்களுக்குத் தாலி போன்ற கருகமணியைக் கட்டிய நாத்தனாரிடம் கூட, கொஞ்சம் தாழ்வாகப் போடுங்கள் என்று மெல்லச் சொன்னவள் நான்.

மாற்றும் அறை சின்னது. காலை நுழைத்து, இடுப்புக்கு ஏற்றி, கைகளைத் திணிக்கவே வியர்த்துவிட்டது. முதுகில் இருந்த ஜிப்பைக் கணவர் வெளியிலிருந்து கைவிட்டு ஏற்றினார். கண்ணாடியில் என் உடம்பின் ஒவ்வொரு வளைவும் அச்செடுத்தது போலத் தெரிந்தது. அந்தக் கூச்சம் ஒரு கணம்தான். அடுத்த கணம் கழுத்துப் பட்டை மூடியது, கூச்சமெல்லாம் போய்விட்டது. நெஞ்சு பாதிக்கு மேல் விரிய மறுத்தது. எச்சில் விழுங்கினால் தொண்டைக்குழி ரப்பரில் இடித்துக்கொண்டு ஏறி இறங்கியது.

"போதும், கழட்டுங்க," என்றேன். ஜிப்பை இறக்கினார். தோளை விட்டுப் பாதி இறங்கி, முழங்கை இரண்டும் பக்கவாட்டில் கட்டுப்பட்ட மாதிரி சிக்கிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ஏங்க, கைய எடுக்க முடியல."

"இரும்மா, இழுக்கிறேன்."

"ஏங்க, மூச்சு முட்டுது. யா அல்லாஹ்... ஏங்க!"

சத்தம் கேட்டு அந்த அம்மா உள்ளே வந்துவிட்டார். என்னைத் திருப்பி நிறுத்தி, ஒரு கோழியின் தோலை உரிப்பது போல ஒரே இழுப்பாக இழுத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்கிடையில் தலையை வைத்துக்கொண்டேன். "இது உங்களுக்கு வேண்டாம்," என்று அவரே முடிவு சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு ட்ரைசூட்டோடு வந்தார். அவருக்கு ட்ரைசூட்தான் பிரியம்; இருபது வருஷமாக வேறெதுவும் போட்டதில்லையாம். பிரியமானதைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வரும் வேகம் அவருக்கு வந்துவிட்டது.

ட்ரைசூட் எனக்கு உடனே பிடித்தது. விண்வெளிக்குப் போகிறவர்கள் போடுவது போலத் தொளதொளப்பு. உடம்பு தெரியாது. தலைக்கு ரப்பர் முக்காடு. "உனக்காகவே தச்ச மாதிரி இருக்கு," என்றார் இவர். ஆனால் கழுத்தில் மட்டும் பலூன் ரப்பரில் ஒரு புனல். அதுதான் தண்ணீரை நிறுத்தும் இடம். கை முழுக்கப் பவுடரைத் தட்டி, அந்தப் புனலை விரித்துப் பிடித்து, "தலையை விடுங்கள்," என்றார் அந்த அம்மா. விட்டேன். காது மடங்கி, மூக்கு நசுங்கி, வெளியே வந்தது தலை. கழுத்தில் ஒரு பிடி. யாரோ பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் பிடித்த மாதிரி. தலை கிறுகிறுத்தது. அவர் அவசரமாகக் கழற்றிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். புனலின் விளிம்பிலிருந்து வளையம் வளையமாக நறுக்கினார். மறுபடி போட்டுப் பார், மறுபடி நறுக்கு. ஒருவழியாக எச்சில் விழுங்க முடிந்தது.

அப்புறம் என் கழுத்தைப் பார்த்து, "அந்தச் சங்கிலி இருக்கக்கூடாது," என்றார். "ரப்பருக்கு அடியில் ஒரு மணி இருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் கருகமணியைக் கழற்றுவது எப்போது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

"கல்யாணச் சங்கிலி," என்றேன் ஆங்கிலத்தில்.

"மோதிரம் மாதிரியா? காரில் வைத்துவிட்டு வாருங்கள், எல்லோரும் அப்படித்தான்," என்றார் அவர் சர்வசாதாரணமாக.

கார் ஓட்டும்போது இவர், "அதெல்லாம் மனசுல வச்சுக்காத. மார்க்கத்துல ஒண்ணும் அப்படி இல்ல," என்றார். எனக்கும் தெரியும். தெரிந்ததால் பயம் போய்விடுமா? அந்த வாரம் ஊரிலிருந்து என் உம்மா போனில் பேசியபோது, கடலுக்குள் போகக் கற்றுக்கொள்வதாக மட்டும் சொன்னேன். "குளிர் கடல்லயா? அங்க நீச்சல் குளம் இல்லையா?" என்றார் உம்மா. "ரெண்டு பேரும் ஒண்ணாவா போறீங்க?" என்று அடுத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். கழுத்து விஷயத்தை நான் எடுக்கவில்லை.

முதலில் கடைக்காரம்மாவின் பயிற்சிக் குளம். ட்ரைசூட்டுக்குள் காற்று இருக்கும். நெஞ்சில் ஒரு பொத்தானை அழுத்தினால் இன்னும் காற்று வரும். இடது தோளில் ஒரு வால்வு அதை வெளியே விடும். எல்லாம் சரி, ஆனால் காற்றுக்கு மேலே போகத்தான் தெரியும். கால் தலையைவிடக் கொஞ்சம் உயர்ந்தால் காற்றெல்லாம் காலுக்கு ஓடிவிடும். அப்புறம் கால் மேலே, தலை கீழே. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருப்போம். வால்வு தோளில், காற்று காலில், வெளியேறாது. அப்போது பந்து மாதிரிச் சுருண்டு, ஒரு குட்டிக்கரணம் போட்டு, இடது கையைத் தூக்க வேண்டும். குளத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். வெதுவெதுப்பான தண்ணீர், கைக்கெட்டும் ஏணி, மேலே டியூப் லைட். அங்கே எனக்கு எல்லாம் வந்தது. அப்போதும் கனவில் மட்டும் கால் மேலே போய்க்கொண்டே இருந்தது.

கடலில் முதல் நாள். மேகமூட்டமான ஒரு காலை. இவர் அளவெடுத்து வாங்கிய புது வெட்சூட்டில் இருந்தார்; அவருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. நான் உள்ளுடைக்கு மேல் ட்ரைசூட்டில் நுழைந்தேன். கார்க் கதவின் மறைவில் கருகமணியைக் கழற்றி இவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குட்டையில் மடித்து டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டினார். அந்த அம்மா என் பின்னால் வந்து, ஒரு தோளிலிருந்து மறுதோள்வரை ஓடும் ஜிப்பை 'ஸ்ர்ர்' என்று இழுத்து மூடினார். அந்தச் சத்தத்தில் முதுகு சில்லிட்டது. தண்ணீரில் காலே வைக்கவில்லை அப்போது.

மூவரும் இறங்கினோம். நீருக்கடியில் கெல்ப் எனும் கடற்பாசிக் காடு. பாம்புபோல் நீண்ட பழுப்புத் தண்டுகள் அடியிலிருந்து மேல்வரை நின்று ஆடின. இடையிடையே வெளிச்சம் தூண் தூணாக விழுந்தது. முப்பதடியில் மணல்தரை. முகத்தில் மட்டும் குளிர் ஊசியாகக் குத்தியது. உடம்பு காய்ந்து, கதகதப்பாக இருந்தது. அட, இதற்கா பயந்தோம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் தலைக்கு மேல் போனது. அதைப் பார்க்க அண்ணாந்து கழுத்தைத் திருப்பினேன்.

கழுத்தோரத்தில் ஒரு குளிர்ந்த கோடு இறங்கியது. முதுகெலும்பு வழியாக இடுப்புவரை. இவ்வளவுதான் நடந்தது. கழுத்தைத் திருப்பினால் நரம்பு புடைத்து ரப்பர் விலகிக் கொஞ்சம் தண்ணீர் வரும், எல்லோருக்கும் வருவதுதான். எனக்கு அது தெரியாது. கிழிந்துவிட்டது, உள்ளே கடல் வருகிறது என்றுதான் நினைத்தேன். காற்று நிரம்பினால் தண்ணீர் வராது என்று எந்த மூளை சொன்னதோ, நெஞ்சுப் பொத்தானை அழுத்தினேன். விட்டு விட்டு அழுத்தவில்லை. அழுத்திப் பிடித்தேன்.

கை கால் உப்பியது. கால் மெதுவாக, யாரோ மரியாதையாகத் தூக்குவது போல, மேலே போனது. மணல்தரை தலைக்கு மேல் வந்தது. அப்புறம் தரை விலகத் தொடங்கியது.

மேலே போகும்போது மூச்சை அடக்கவே கூடாது. அடக்கினால் நுரையீரல் பலூன் மாதிரி வெடிக்கும். முதல் வகுப்பில் முதல் பாடம் இது. அந்த நேரத்தில் அதை நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். நான் அலறிக்கொண்டிருந்தேன். வாயில் கடித்திருந்த காற்றுக்குழாய்க்குள்ளேயே "அல்லாஹ், அல்லாஹ், அல்லாஹ்" என்று. அலறியதால் மூச்சு வெளியே போய்க்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

யாரோ என் துடுப்புச் செருப்பைப் பிடித்தார்கள். இவர்தான். என்னை நிறுத்த அவரால் முடியவில்லை; அவரும் என்னோடு மேலே வந்துகொண்டிருந்தார். ஆனால் அந்தப் பிடியில் வேகம் கொஞ்சம் குறைந்தது. ஏதோ ஒரு கணத்தில் முழங்காலை மடக்கி உருண்டேன். இடது கை தானாக உயர்ந்தது. தோளிலிருந்து காற்று புஸ்ஸென்று கொப்பளித்தது. அதற்குள் மேல்மட்டம் வந்துவிட்டது. கெல்ப் இலைகளுக்கு நடுவே தலை நீட்டினோம்.

வானத்தைப் பார்த்ததும் பயம் தீர வேண்டும் அல்லவா? தீரவில்லை. கழுத்தில் அந்தக் கைகள் இன்னும் இருந்தன. காற்று வேண்டும், காற்று வேண்டும் என்று இரண்டு விரலை ரப்பருக்குள் விட்டு இழுத்தேன். "வேணாம்! இழுக்காத!" என்று இவர் கத்தியது கேட்டது. அலை ஒன்று மேலே வந்து, நான் திறந்துவிட்ட வழியாக உள்ளே கொட்டியது. நெஞ்சு, வயிறு, தொடை, பாதம் என்று பசிபிக் கடல் எனக்குள் இறங்கியது.

முதுகில் மாட்டிய காற்று மிதவைச் சட்டை இருந்ததால் மூழ்கவில்லை. இவரும், பின்னாலேயே மேலே வந்த அந்த அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு கரைக்கு நீந்தினார்கள். தண்ணீர் ஆழமில்லாத இடம் வந்ததும் எழுந்து நிற்கப் பார்த்தேன். முடியவில்லை. கால் இரண்டும் நீர் நிரம்பிய பீப்பாய்கள். அலை அடித்ததில் அந்த அம்மா விழுந்து பின்னால் உருண்டு போனார். நானும் இவரும் தவழ்ந்து மணலுக்கு வந்தோம்.

"கழட்டுங்க! கழட்டுங்க!"

"இரும்மா, கழட்டுறேன்."

அவருடைய விரல் மரத்துப் போயிருந்தது. முதுகில் ஜிப்பின் கொக்கியைத் தேடுகிறார், பிடிக்கிறார், வழுக்குகிறது. கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். மறுபடி பிடித்தார். ஜிப்பின் பல்லிடுக்குகளில் மணல் புகுந்து அது நகரவில்லை. எனக்கு அது எட்டாது. அதைப் புரிந்துகொண்ட கணம்தான் எல்லாவற்றிலும் கொடியது. என் உடை, என் மேல் இருக்கிறது, அதைத் திறக்க என்னால் முடியாது. இன்னொருவர் திறந்தால்தான் நான் வெளியே வரமுடியும். என் கை கழுத்துக்குப் போய், பழக்க தோஷத்தில், அங்கே இல்லாததைத் தேடியது.

"வருது, வருது, இரும்மா... வருது..." அவர் குரல் உடைந்திருந்தது. அவரும் அழுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அம்மா நுரையிலிருந்து எழுந்து ஓடிவந்து, ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்து மறுகையால் ஜிப்பை உருவினார். என் முதுகிலிருந்து ஒரு வாளி கடல் மணலில் கொட்டியது.

அதோடு முடியவில்லை. வேகமாக மேலே வந்தவர்களுக்கு என்னென்ன வரலாம் என்று வகுப்பில் படித்திருந்தேன். அந்த அம்மா என்னைப் படுக்கவைத்து, ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்: "நெஞ்சு வலிக்கிறதா? கை மரத்துப் போயிருக்கிறதா?" மரத்துத்தான் போயிருந்தது. குளிராலா, வேறெதனாலாவதா? அதை எப்படிப் பிரித்துச் சொல்வேன்? காரின் ஹீட்டரில் விரலை நீட்டி ஒவ்வொன்றாக உயிர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டைவிரல், ஆள்காட்டி... சுண்டுவிரலும் சுடத் தொடங்கியதும் இவர், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு டேஷ்போர்டைத் திறந்து கைக்குட்டையை எடுத்தார். தலையைக்கூட நான் துவட்டியிருக்கவில்லை. அவரே கருகமணியை என் கழுத்தில் கட்டிவிட்டார். அந்த அம்மா வற்புறுத்தியதால் வழியில் மருத்துவரிடமும் காட்டினோம். நுரையீரலில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க, தோளில் ஒரு சின்ன வலி வந்தாலும் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

இவர் டைவிங்கை விட்டுவிடுவதாகச் சொன்னார். உண்மையாகவே சொன்னார், தன் வெட்சூட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டியும் வைத்துவிட்டார். நான்தான் இரண்டு மாதம் கழித்து அந்தப் பேச்சை எடுத்தேன். தைரியம் வந்துவிட்டது என்பதால் அல்ல. அந்த ஜிப் என் முதுகிலேயே இருந்தது. பாத்திரம் கழுவும்போது, மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது, முதுகில் ஒரு கோடு சில்லிடும். அதை அங்கேயே விட்டுவிட்டு வாழ எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்குக் குளிர் பிரச்சனை இல்லைங்க," என்றேன். "நானே திறக்க முடியாத எதையும் நான் போட்டுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

அவர் யோசித்தார். "அப்ப முன்னாடி ஜிப் வச்சது இருக்கான்னு கேப்போம்."

இருந்தது. இரண்டு துண்டாக வரும் வெட்சூட்: கையில்லாத முழு உடை ஒன்று, அதன் மேல் ஜாக்கெட் ஒன்று. ஜாக்கெட்டின் ஜிப் நெஞ்சில். கடைக்காரம்மாவுக்குத் தன் ட்ரைசூட் தோற்றதில் வருத்தம்தான். "இதில் உங்களுக்குக் குளிரும்," என்று எச்சரித்தார். அப்புறம் அவராகவே ஒன்று செய்தார். மாற்றும் அறைக்கு அனுப்பாமல், "இதைக் குளத்தில் போட்டுப் பாருங்கள். அன்றைக்கே நான் அப்படித்தான் செய்திருக்க வேண்டும்," என்றார்.

குளத்தின் படியில் நின்று ஜாக்கெட்டை மூடினேன். அதே இறுக்கம், அதே தொண்டைக்குழி. இடுப்பளவு தண்ணீருக்கு வந்தேன். கழுத்தளவுக்கு வந்தேன். தண்ணீர் உள்ளே புகுந்ததும் ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே ஏதோ நெகிழ்ந்தது. கழுத்துப் பட்டை கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. அல்லது நான் தளர்ந்தேனோ என்னவோ. ஜிப்பை நானே இறக்கினேன். ஏற்றினேன். இறக்கினேன். நீருக்குள் மூழ்கிக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிப் பார்த்தேன். மேலே வந்தபோது இவர் குளக்கரையில் உட்கார்ந்து, "என்ன, ஜிப்ப தேச்சே தீத்துருவ போல," என்றார். என் அளவுக்குத் தைக்கச் சொன்னோம். தைக்க அளவெடுக்கும்போது, கழுத்தில் ஒரு விரல் அகலம் கூட்டுங்கள் என்றேன். கூட்டினால் தண்ணீர் நிறைய வரும் என்றார் அந்த அம்மா. வரட்டும் என்றேன்.

அந்த உடையில் இரண்டு வருடம் மான்டரேயில் டைவ் போனோம். பிறகு இவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து ஆலனுக்கு மாறினோம். அங்கே கடலுக்கு அரை நாள் ஓட்ட வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் பயம் ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை. நண்டு பார்த்தோம், கடல்பஞ்சு பார்த்தோம், ஒரு முறை சிறுத்தைப் புள்ளி போட்ட சின்னச் சுறா ஒன்றும் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாவற்றையும் பயத்தோடுதான் பார்த்தேன்.

மான்டரேயில் கடைசியாகப் போன நாட்களில் ஒன்று. நீர் தெளிவு, அலையும் இல்லை. இவர் எனக்கு முன்னால் ஒரு பாறையிடுக்கில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். எந்தக் காரணமும் இல்லாமல் எனக்குள் ஏதோ மூடிக்கொண்டது. கெல்ப் தண்டுகள் நெருங்கி வந்த மாதிரி இருந்தது. நான் அவர் தோளைத் தட்டி, மேலே போவோம் என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்தோம்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பயமா இருந்துச்சு."

"சரி, போலாம்," என்றார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு கடல்நீர்நாய் மல்லாந்து மிதந்தபடி, வயிற்றின் மேல் கல்லை வைத்து ஒரு சிப்பியை டொக் டொக்கென்று உடைத்துக்கொண்டிருந்தது. அது உடைத்துத் தின்று முடிக்கும்வரை பார்த்துவிட்டு, நாங்களும் மல்லாந்தபடியே கரைக்குக் காலடித்தோம்.